கில் ஷீட் கணக்கு: ஐசிபி, எஃப்சிபி, மாஸ்ப் மூணையும் ஒரே கிணத்துல போட்டுப் பார்ப்போம்

#1 கீழக்கரை_டிரெய்னி

அண்ணன்மாருக்கு வணக்கம். வெல் கன்ட்ரோல் (கிணத்து அழுத்தத்தை அடக்கறது) தேர்வுக்குப் படிச்சுட்டு இருக்கேன்; அந்தக் கணக்கு எழுதற தாள்தான் கில் ஷீட். ராம்நாடு பக்கம் தோண்டுற ஆழத்தை ஒட்டி ஒரு பயிற்சிக் கணக்கு கொடுத்திருக்காங்க. நிஜக் கிணத்தோட தரவு இல்ல.

செங்குத்துக் கிணறு, ஆழம் 3,000 மீட்டர். 9⅝ அங்குல கேசிங் (துளையைத் தாங்கற இரும்புக் குழாய், அடிக்கு 47 பவுண்டு), ஷூ (அதோட அடி நுனி) 1,800 மீட்டர்ல. கீழே 8½ அங்குல ஓப்பன் ஹோல் (கேசிங் இல்லாத துளை). 5 அங்குல டிரில் பைப் 2,720 மீட்டர், ஹெவி வெயிட் (கனமான பைப்) 100, அடியில 6½ அங்குல காலர் (தடிச்ச பைப்) 180. மட் (தோண்டும்போது சுத்தற சேறு) 1.20 எஸ்ஜி, அதாவது தண்ணி மாதிரி 1.20 மடங்கு கனம். ஷூவில லீக் ஆஃப் டெஸ்ட் (பாறை எவ்வளவு தாங்கும்ங்கற சோதனை) 1.62 எஸ்ஜிக்குச் சமம். பம்ப் 0.102 பேரல்/ஸ்ட்ரோக். 30 எஸ்பிஎம்ல (நிமிஷத்துக்கு 30 ஸ்ட்ரோக்) எஸ்சிஆர், அதாவது மெதுவா பம்ப் ஓட்டறப்ப வர்ற அழுத்தம், 420 பிஎஸ்ஐ.

கிக் (பாறையிலேர்ந்து காஸ் உள்ள புகுறது) வந்து கிணத்தை அடைச்சாச்சு. எஸ்ஐடிபிபி (அடைச்சப்ப டிரில் பைப் அழுத்தம்) 340, எஸ்ஐசிபி (அப்ப கேசிங் அழுத்தம்) 560, பிட் கெயின் (மட் தொட்டியில கூடினது) 15 பேரல்.

நான் போட்டது: ஐசிபி (சுத்த ஆரம்பிக்கறப்ப டிரில் பைப் அழுத்தம்) 760, எஃப்சிபி (கில் மட் பிட்டை எட்டினப்புறம் அது) 448, கில் மட் (கிக்கை அடக்கற கனமான மட்) 1.28, மாஸ்ப் (ஷூ உடையாம மேல கேசிங்ல விடலாம்ங்கற உச்ச அழுத்தம்) 1,075. இதுல மூணு சந்தேகம்.

ஒண்ணு, ஐசிபியில 420-ஐக் கூட்டுறோமே, அந்த 420-உம் சேர்ந்து பாறையை அழுத்தாதா? ரெண்டு, காஸ் மேல வரும்போது கேசிங் பிரஷர் மாஸ்பைத் தாண்டினா சோக்கை, அதாவது வெளியேறுற வழியை இறுக்கற வால்வை, திறக்கணுமா? மூணு, கூடப் படிக்கிற ஒருத்தர் வெயிட் அண்ட் வெயிட் முறைதான் (கில் மட் கலந்த பிறகே சுத்தறது) எப்பவும் ஷூவைக் காப்பாத்தும்னு அடிச்சுச் சொல்றார். சரியா?

#2 டூல்புஷர்_ராம்நாடு

நான்கு எண்ணும் சரி. எப்படி வந்தது என்று எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

ஒரு மீட்டர் ஆழத்துக்கு 1.00 எஸ்ஜி தரும் அழுத்தம் 1.422 பிஎஸ்ஐ. 3,000 மீட்டருக்கு 4,266. கில் மட் = 1.20 + 340 ÷ 4,266 = 1.2797. மேல்நோக்கி முழுமையாக்கினால் 1.28. அடி அழுத்தம் = 340 + 1.20 × 4,266 = 5,459 பிஎஸ்ஐ. கிணறு சாகும்வரை நாம் பிடித்திருக்க வேண்டிய எண் இதுதான். மற்ற எல்லாம் இதற்குச் சேவகம்.

ஐசிபி = 340 + 420 = 760. எஃப்சிபி = 420 × 1.28 ÷ 1.20 = 448.

முதல் சந்தேகத்துக்கு வருவோம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்தான் கிணறு. ஒரு கை டிரில் பைப், மறு கை ஆனுலஸ் (பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளி), அடியில் இரண்டும் கூடுகின்றன. பம்ப் நின்றிருக்கும்போது டிரில் பைப்பில் 340 காட்டுகிறது. உள்ளே சுத்தமான 1.20 மட், அதன் எடை நமக்குத் தெரியும், ஆகவே அடி அழுத்தம் தெரியும். பம்ப் ஓடும்போது 420 கூடுகிறது. அந்த 420 கிட்டத்தட்ட முழுவதும் பைப்பின் உள்சுவரிலும் பிட் (தோண்டும் முனை) நாசிலிலும் உராய்ந்து தீர்ந்துவிடும். பாறைக்கு அது போய்ச் சேராது. பாறையை அழுத்துவது ஆனுலஸ் பக்கத்து உராய்வு மட்டும். 30 எஸ்பிஎம் வேகத்தில், இந்தத் துளையில், அது சில பத்து பிஎஸ்ஐக்கு மேல் போகாது. அதைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டுவிடுவது வழக்கம்.

கேசிங் பக்கம் பார்த்து அடி அழுத்தத்தைச் சொல்ல முடியாது. ஆனுலஸில் காஸ் எவ்வளவு உயரம் நிற்கிறது, எங்கே நிற்கிறது என்பது நொடிக்கு நொடி மாறும்.

#3 சோக்_பேனல்

ஸ்ட்ரோக் கணக்கு போடாம விட்டுட்டீங்க தம்பி. போட்டுக்கங்க.

டிரில் பைப் 2,720 × 0.0583 = 158.6 பேரல். ஹெவி வெயிட் 2.9. காலர் 4.5. மொத்தம் 166. ÷ 0.102 = 1,627 ஸ்ட்ரோக். 30 எஸ்பிஎம்ல 54 நிமிஷம்.

ஆனுலஸ்: காலர் சுத்தி 17.2, ஓப்பன் ஹோல்ல பைப் சுத்தி 153.6, கேசிங்குக்குள்ள 288.9. மொத்தம் 460 பேரல், 4,510 ஸ்ட்ரோக், ரெண்டரை மணி நேரம்.

760-லேர்ந்து 448-க்கு 312 இறங்கணும். 100 ஸ்ட்ரோக்குக்கு 19.2 பிஎஸ்ஐ. 400-ல 683, 800-ல 607, 1,200-ல 530, 1,627-ல 448. அதுக்கப்புறம் கில் மட் மேல வர்ற வரைக்கும் 448-ஐ விடாம பிடி.

ஒண்ணு கவனிங்க. பம்ப்லேர்ந்து ரிக் ஃப்ளோர் வரைக்கும் உள்ள லைன் 166-ல சேரல. நாலு பேரல் இருந்தா கிட்டத்தட்ட 40 ஸ்ட்ரோக். கில் மட் அந்த லைனைத் தாண்டினதும் கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கி ஆரம்பிக்கணும். இல்லேன்னா ஷெட்யூல் 40 ஸ்ட்ரோக் முன்னாடியே இறங்கத் தொடங்கும். 40 ஸ்ட்ரோக் அப்படின்னா 8 பிஎஸ்ஐதானேன்னு தோணும். சில ரிக்ல பம்ப் தள்ளி இருக்கும், லைன் பெரிசா இருக்கும். அளந்து வெச்சுக்கங்க.

#4 பாம்பன்72

இந்த 420-ஐ எல்லாரும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கறீங்க. எந்த கேஜ்ல படிச்சது? ஸ்டேண்ட்பைப் கேஜ்லயா, ரிமோட் சோக் பேனல்லயா? கில் பண்ணும்போது கண்ணு இருக்கறது சோக் பேனல்ல. அங்கே 0 முதல் 10,000 வரை உள்ள கேஜ் மாட்டியிருந்தா ஒரு கோடு 100 பிஎஸ்ஐ. அதுல 420-ஐயும் 448-ஐயும் பிரிச்சுப் பார்க்கறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. குறைஞ்ச வீச்சு உள்ள கேஜ், இல்லேன்னா டிஜிட்டல், ஒண்ணு கட்டாயம் வேணும். எஸ்சிஆர் எடுக்கும்போதே சோக் பேனல்ல படிச்சு எழுதுங்க. ரெண்டு கேஜுக்கும் 40, 50 வித்தியாசம் இருக்கறது சர்வ சாதாரணம்.

இன்னொண்ணு, எஸ்சிஆரை எப்ப எடுத்தது? ஒவ்வொரு ஷிஃப்ட்லயும், மட் வெயிட் மாறினா, பிட் நாசிலோ பிஹெச்ஏவோ (பைப்போட அடிப்பகுதிக் கருவிகள்) மாறினா, 150 மீட்டர் தோண்டினா மறுபடி எடுக்கணும். ரெண்டு பம்ப்லயும், ரெண்டு மூணு வேகத்துலயும்.

#5 கீழக்கரை_டிரெய்னி

எஸ்சிஆரே எடுக்கலைன்னா? தேர்வுல அப்படி ஒரு கேள்வி வருது.

#6 டூல்புஷர்_ராம்நாடு

அப்போதும் வழி உண்டு. கேசிங் பிரஷரை 560-இல் சோக்கால் பிடித்துக்கொண்டு பம்பைப் பூஜ்யத்திலிருந்து 10, 20, 30 என்று படிப்படியாக ஏற்றுங்கள். டிரில்லரும் சோக்கில் நிற்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும் இடத்திலோ, தெளிவாகக் கேட்கும் இடத்திலோ இருக்க வேண்டும். வேகம் 30-இல் நிலைத்ததும் டிரில் பைப் கேஜ் என்ன காட்டுகிறதோ அதுதான் ஐசிபி. அதிலிருந்து 340-ஐக் கழித்தால் எஸ்சிஆர்.

எஸ்சிஆர் எடுத்திருந்தாலும் இதே முறையில்தான் தொடங்க வேண்டும். 760 எதிர்பார்த்த இடத்தில் 790 வந்தால், கேசிங் துல்லியமாக 560-இல் நின்றிருந்த பட்சத்தில், 790-ஐ நம்புங்கள். எஸ்சிஆர் 450 ஆகிறது, எஃப்சிபி 480 ஆகிறது. ஷெட்யூலைத் திருத்துங்கள். வித்தியாசம் 100, 150 என்று போனால் மட்டும் பம்பை நிறுத்தி அடைத்துவிட்டுக் காரணம் தேடுங்கள்.

கேசிங்கை மாறாமல் பிடிப்பது அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லும். காஸ் அதற்குள் அதிகம் விரிந்திருக்காது. அதற்குமேல் கேசிங்கைப் பிடித்துக்கொண்டே போனால் விரிய வேண்டிய காஸை விரியவிட்டும் அடி அழுத்தத்தைக் காக்காமலும் போய்விடுவோம். இரண்டாவது கிக் அங்கிருந்துதான் வரும்.

#7 சோக்_பேனல்

பம்ப் வேகம் நடுவுல மாறினாலும் இதேதான். கேசிங்கை அந்த நொடியில இருந்த எண்ல பிடி, வேகத்தை மாத்து, நிலைச்சதும் டிரில் பைப்ல வர்ற புது எண்தான் புது ஆதாரம்.

தோராயம் வேணும்னா வேகத்தோட வர்க்கம். 420 × (25 ÷ 30)² = 292. 40-க்கு ஏத்தினா 747. நிஜத்துல அடுக்கு 2-க்குக் கொஞ்சம் கீழே, 1.8 பக்கம். அதுல போட்டா 40-க்கு 705 வரும். 40 பிஎஸ்ஐ வித்தியாசம். அதனால கணக்கை வெச்சு எதிர்பார்க்கலாம், கேஜை வெச்சுத்தான் ஓட்டணும்.

#8 மட்மேன்_தொண்டி

மூணாவது கேள்விக்கு யாரும் வரலையே. அதுலதான் ருசியே இருக்கு.

வெயிட் அண்ட் வெயிட் ஷூவைக் காப்பாத்துமாங்கறதுக்குப் பொதுவான பதில் கிடையாது. ரெண்டு கன அளவை ஒப்பிட்டாப் போதும். கில் மட் பிட்டை அடைய 166 பேரல் பம்ப் பண்ணணும். பிட்லேர்ந்து ஷூ வரை ஆனுலஸ் 171 பேரல். அதுல காஸே ஷூவை எட்டும்போது சுமார் 22.6 பேரலா விரிஞ்சிருக்கும். அப்போ காஸோட தலை ஷூவைத் தொடும்போது நாம பம்ப் பண்ணியிருக்கறது 171 − 22.6 = 148 பேரல், அதாவது 1,453 ஸ்ட்ரோக். கில் மட் பிட்டை எட்டவே 1,627 ஸ்ட்ரோக் ஆகும். காஸ் ஷூவைத் தாண்டும்போது ஆனுலஸ்ல ஒரு சொட்டு கில் மட் இல்ல. அந்த நிமிஷம் வரை ரெண்டு முறையும் ஷூவுக்கு ஒண்ணுதான்.

காஸ் தானாவும் மேல நகரும். அப்போ இன்னும் சீக்கிரமே ஷூவுக்கு வந்துரும்.

வித்தியாசம் எங்கே வருதுன்னா சர்ஃபேஸ்ல. காஸ் சோக்குக்கு வரும்போது டிரில்லர் மெதட்ல (பழைய மட்லயே முதல்ல காஸை வெளியேத்தற முறை) கேசிங் பிரஷர் உச்சம் சுமார் 1,100. வெயிட் அண்ட் வெயிட்ல ஆனுலஸ்ல 1,460 மீட்டர் கில் மட் ஏறியிருக்கும், உச்சம் 1,010 பக்கம் நிக்கும். 90 பிஎஸ்ஐ லாபம். அதுக்காகக் கிணத்தை மணிக்கணக்குல அடைச்சு வெச்சு பாரைட் (மட்டைக் கனமாக்கற தாதுப்பொடி) கலக்கணுமாங்கறதுதான் கேள்வி.

(ரெண்டு எண்ணும் வெப்பம், காஸோட விலகலைக் காட்டற இசட் காரணி ரெண்டையும் விட்டுட்டு அழுத்தம் × கன அளவு மாறிலின்னு வெச்சுப் போட்டது.)

#9 வழுதூர்_சர்வே

ஷூ ஆழம் குறைவா, ஓப்பன் ஹோல் நீளமா இருந்தா வெயிட் அண்ட் வெயிட் ஜெயிக்கும். 3,000 மீட்டர் துளைக்கு ஷூ 900-ல இருந்தா பிட்டிலிருந்து ஷூவரை 306 பேரல் ஆகிடும். அப்ப கில் மட் முதல்ல ஆனுலஸுக்குள்ள வந்துரும். மட்மேன் சொன்ன ஒப்பீட்டை ஒவ்வொரு கேசிங் இறக்கினதும் போட்டு கில் ஷீட் மூலையில எழுதி வெச்சா, கிக் வர்ற ராத்திரி விவாதம் இருக்காது.

#10 பாம்பன்72

நான் டிரில்லர் மெதட் கட்சி. உடனே சுத்த ஆரம்பிக்கலாம், கணக்கு கம்மி. முதல் சுத்து பழைய மட்லயே, டிரில் பைப் 760-ல மாறாம. காஸ் வெளியே போனதும் அடைச்சுப் பார்த்தா ரெண்டு கேஜும் 340 காட்டணும். கேசிங் அதிகமா காட்டினா காஸ் இன்னும் மிச்சம். ரெண்டாவது சுத்து கில் மட்ல: அது பிட்டுக்குப் போற 1,627 ஸ்ட்ரோக் வரை கேசிங்கை 340-ல பிடி, டிரில் பைப் தானா 448-க்கு வந்து நிக்கும். அப்புறம் 448-ஐப் பிடி.

ரெண்டாவது சுத்துல மட்டும் கேசிங்கை நீளமா பிடிக்கலாம். ஆனுலஸ் முழுக்க ஒரே 1.20 மட், விரிய எதுவும் இல்ல. முதல் சுத்துல காஸ் மிச்சம் விட்டுட்டு இதைச் செஞ்சா மாட்டிக்குவீங்க.

#11 டூல்புஷர்_ராம்நாடு

இப்போது இரண்டாவது கேள்வி. இதைத்தான் நான் கவலையோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மாஸ்ப் எண்ணைச் சிவப்பு மையில் எழுதி சோக் பேனல் மேல் ஒட்டிவிட்டு, அது எப்போது செல்லும் என்பதை எழுதாமல் விடுகிறார்கள்.

மாஸ்ப் = (1.62 − 1.20) × 1.422 × 1,800 = 1,075. இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஷூவிலிருந்து மேலே வரை ஆனுலஸ் முழுதும் 1.20 மட் இருக்க வேண்டும். காஸ் ஷூவுக்குக் கீழே இருக்கும்வரை அந்த நிபந்தனை பொருந்தும். அடைத்தபோது கேசிங் 560; ஷூவில் 560 + 3,072 = 3,632. ஷூ உடைவது 4,147-இல். 515 பிஎஸ்ஐ கையில் இருக்கிறது. காஸின் தலை ஷூவை எட்டும்போது ஷூவில் சுமார் 3,620, கேசிங் 550 பக்கம். காலர் சுற்றிலும் இடுக்காக இருந்த காஸ், பைப் சுற்றிலும் அகலமான இடத்துக்கு வந்ததால் உயரம் குறைகிறது. விரிவு அதை ஈடுகட்டுகிறது. ஆக ஷூவுக்கு ஆபத்தான கட்டம் இந்த 1,453 ஸ்ட்ரோக்குகள்தான். அதுவரை 1,075-ஐ மதியுங்கள்.

காஸ் முழுதும் ஷூவைக் கடந்து கேசிங்குக்குள் வந்த பிறகு ஷூவில் உள்ள அழுத்தம் என்ன? அடி அழுத்தம் 5,459-இலிருந்து கீழே உள்ள 1,200 மீட்டர் மட்டின் எடை 2,048-ஐக் கழியுங்கள். 3,411. குறைந்துவிட்டது. காஸ் மேலே போகப் போக கேசிங் 700, 900, 1,100 என்று ஏறும்; ஷூவில் 3,411 அப்படியே நிற்கும்.

சோக்கை அடைந்ததும் 1,100 வருகிறது. மாஸ்பை விட 25 அதிகம். அங்கே யாராவது "தாண்டிடுச்சு" என்று சோக்கைத் திறந்தால், ஷூவுக்கு ஒரு லாபமும் இல்லை, அடி அழுத்தம் மட்டும் பாறை அழுத்தத்துக்குக் கீழே போகும். காஸ் மேலும் விரியும், மட் மேலும் வெளியேறும், கேசிங் மறுபடி ஏறும், மறுபடி திறப்பார். கட்டுக்குள் இருந்த கிணறு கையை விட்டுப் போவதற்கு இது போதும்.

அந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டிய வரம்பு பிஓபியும் (கிணற்று வாயை அடைக்கும் வால்வுத் தொகுதி) கேசிங்கும் தாங்கும் அளவு. 47 பவுண்டு என்-80 (எஃகின் தரம்) கேசிங் புதிதாக இருந்தால் உள் அழுத்தம் 6,870 வரை தாங்கும். 1,100 அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

#12 கீழக்கரை_டிரெய்னி

அப்போ கேசிங் ஏறுறது காஸ் விரியுதுங்கறதுக்கு அடையாளம்னு எடுத்துக்கணும், சரி. மட் தொட்டியோட லெவல் எவ்வளவு ஏறும்?

#13 மட்மேன்_தொண்டி

15 பேரல் காஸ் சோக்குல 74 பேரல் ஆகும். அடைச்சப்ப இருந்ததை விடத் தொட்டியில இன்னும் 59 பேரல் ஏறும். தொட்டியில இடம் காலி பண்ணி வெச்சிருக்கணும். "கெயின் கூடுது, இன்னொரு கிக்"னு பதறி அடைக்கறவங்க இருக்காங்க.

காஸ் சோக்கை எட்டினதும் அது சோக்கு வழியா லேசா போயிடும், பிரஷர் பட்டுனு விழும், சோக்கைக் கொஞ்சம் மூடணும். காஸ் முடிஞ்சு மட் வந்தா உடனே ஏறும், திறக்கணும். செபரேட்டர் (மட்லேர்ந்து காஸைப் பிரிக்கற கலம்) அடி சீல் 3 மீட்டர் மட் இருந்தா 1.20-ல வெறும் 5 பிஎஸ்ஐதான் தாங்கும். அதுக்கு மேல போனா காஸ் ஷேல் ஷேக்கருக்கு (மட்டைச் சலிக்கற சல்லடை) வந்துரும். 30 எஸ்பிஎம் அதிகம்னு தோணினா 20-க்கு இறக்குங்க, #7-ல சொன்ன மாதிரி.

நம்ம கரையில ஆடி மாசக் காத்து ஒரு பக்கமாவே அடிக்கும். ஃபிளேர் லைன் (காஸை எரிக்கற குழாய்) எந்தப் பக்கம், கீழ்க்காத்துல சீமைக்கருவேலங்காடா, வலை காயப்போட்ட குடிசையான்னு முன்னாடியே பார்த்து வெச்சிருக்கணும்.

#14 சோக்_பேனல்

சோக்கை நகர்த்தினதும் டிரில் பைப் கேஜைப் பார்த்துட்டு உடனே மறுபடி நகர்த்தாதீங்க. 3,000 மீட்டர்ல அழுத்த மாற்றம் ஆனுலஸ்ல இறங்கி பைப்ல ஏறி வர 20 நொடி ஆகும். காஸ் இருந்தா இன்னும் கூட. கேசிங்ல எவ்வளவு மாத்தணும்னு முடிவு பண்ணு, அவ்வளவை மட்டும் மாத்து, 20 எண்ணு, அப்புறம் டிரில் பைப்பைப் பாரு. பொறுக்காம ரெண்டு தடவை திருகினா 50 பிஎஸ்ஐ குறை 150 அதிகம் ஆகும்.

#15 கீழக்கரை_டிரெய்னி

ஓடிக்கிட்டு இருக்கும்போது டிரில் பைப் திடீர்னு ஏறினா? 800 ஸ்ட்ரோக்ல 607 இருக்கணும், 757 காட்டுதுன்னு வைங்க.

#16 டூல்புஷர்_ராம்நாடு

முதலில் கேசிங்கைப் பாருங்கள். கேசிங் அசையவில்லை என்றால் நாசில் ஒன்று அடைத்திருக்கிறது. உராய்வு 150 கூடியிருக்கிறது, அடி அழுத்தம் மாறவில்லை. சோக்கைத் தொடாதீர்கள். ஷெட்யூலைக் காப்பாற்ற 607-க்கு இறக்கினால் அடியில் 150 குறையும். நம்மிடம் அவ்வளவு கையிருப்பு இல்லை. 757-ஐப் புதிய ஆதாரமாக வைத்து அங்கிருந்து புதிய எஃப்சிபிக்கு இறங்குங்கள். எஃப்சிபி இப்போது (420 + 150) × 1.28 ÷ 1.20 = 608.

டிரில் பைப் விழுகிறது, கேசிங் அப்படியே: பைப்பில் ஓட்டை, அல்லது நாசில் கழன்றது, அல்லது பம்ப் சரியாகத் தள்ளவில்லை. சோக்கை மூடாதீர்கள், நிறுத்தி அடைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறினால் சோக் அடைப்பு. இரண்டும் விழுந்தால் சோக் தேய்ந்தது, அல்லது மட் பாறைக்குள் போகிறது. மட் தொட்டியின் லெவல் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும்.

#17 பாம்பன்72

எஸ்ஐடிபிபி பத்தியும் ஒரு வார்த்தை. பைப்ல ஃப்ளோட் வால்வு (ஒருவழி வால்வு) இருந்தா அடைச்சதும் டிரில் பைப்ல பூஜ்யம் காட்டும். பம்பை ரொம்ப மெதுவா ஓட்டி, கேசிங் அசையத் தொடங்குற நொடியில நிறுத்தணும். அப்ப டிரில் பைப்ல உள்ளது எஸ்ஐடிபிபி. கேசிங் 560-லேர்ந்து 590 ஆயிடுச்சுன்னா அந்த 30-ஐ டிரில் பைப் எண்லேர்ந்து கழிச்சுடுங்க.

பம்ப் நிறுத்தினதுல சிக்கின அழுத்தம் இருக்குன்னு சந்தேகம் வந்தா சோக் வழியா கால், அரை பேரல் விட்டு அடைச்சுப் பாருங்க. டிரில் பைப் இறங்கி, அடுத்த தடவை விட்டாலும் அதே எண்ல நின்னா அதுதான் நிஜம்.

#18 மட்மேன்_தொண்டி

அதோட, அடைச்சு வெச்சுக் காத்திருக்கும்போது ரெண்டு கேஜும் சேர்ந்தே ஏறும். காஸ் நகருது. ஒரு மணி நேரத்துல 60 பிஎஸ்ஐ ஏறினா 60 ÷ (1.422 × 1.20) = 35 மீட்டர் நகர்ந்திருக்கு. 340 இப்ப 400 ஆச்சேன்னு கில் மட்டைத் திருப்பிப் போடாதீங்க. முதல்ல நிலைச்ச 340-தான் பாறை சொன்னது. சோக் வழியா விட்டு டிரில் பைப்பை 340-க்குக் கொண்டாந்து வையுங்க.

பாரைட் கணக்கு: ஒரு கன மீட்டருக்கு 4,200 × 0.08 ÷ (4.2 − 1.28) = 115 கிலோ. கிணத்துல 626 பேரல், மட் தொட்டியில 400 பேரல்னா மொத்தம் 163 கன மீட்டர். கிட்டத்தட்ட 19 டன். அதுவே 28 பேரல் இடத்தையும் அடைக்கும். சைலோல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஆந்திராவுல பாரைட் வெட்டற மங்கம்பேட்டைலேர்ந்து லாரி கிளம்பி வர்ற வரைக்கும் கிணறு காத்திருக்காது.

#19 பாம்பன்72

மட்மேன், 1.28-க்குப் பதிலா 1.30 ஓட்டினா என்ன? கொஞ்சம் பாதுகாப்பா இருக்குமே.

#20 மட்மேன்_தொண்டி

0.02 அடியில 85 பிஎஸ்ஐ, ஷூவில 51. அதுக்கு மேல சோக்ல ஒருத்தர் "பாதுகாப்புக்கு" 100 வெப்பார், டிரில்லர் இன்னொரு 50 வெப்பார். மூணும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம சேர்ந்தா ஷூவோட 515-ல 200 காலி. கையிருப்பு வேணும்னா ஒரே இடத்துல, சோக்ல, எவ்வளவுன்னு கில் ஷீட்ல எழுதி வையுங்க. மட் 1.28-லயே இருக்கட்டும். ட்ரிப் மார்ஜின் (பைப்பை வெளிய எடுக்கறதுக்காக வைக்கற கூடுதல் கனம்) எல்லாம் கிணறு செத்த பிறகு.

#21 வழுதூர்_சர்வே

கடலுக்கடியில இருக்கற இலக்கைக் கரையில நின்னு சாய்ச்சு எட்டணும்னா நேர்கோட்டு ஷெட்யூல் ஏமாத்தும். உராய்வு அளந்த நீளத்தோட போகும், மட் எடை செங்குத்து ஆழத்தோட போகும். ரெண்டையும் தனித்தனியா போட்டுக் கூட்டணும்.

இதே கிணறு 1,000 மீட்டர் வரை செங்குத்து, அப்புறம் சாய்ஞ்சு நீளம் 3,400, செங்குத்து ஆழம் அதே 3,000-னு வைங்க. கில் மட் 1,000-ல இருக்கும்போது: உராய்வு 420 + 28 × 1,000 ÷ 3,400 = 428. எடைப் பக்கம் 340 − 114 = 226. மொத்தம் 654. நேர்கோடு 668 சொல்லும். 14 பிஎஸ்ஐ. விட்டுரலாம்.

கிடைமட்டக் கிணறுன்னா விட முடியாது. செங்குத்து 2,000, மொத்த நீளம் 4,000, 2,285-ல 90 டிகிரி ஆயிடுது. எஸ்ஐடிபிபி 400, எஸ்சிஆர் 600, மட் 1.20-லேர்ந்து 1.34. ஐசிபி 1,000, எஃப்சிபி 670. கில் மட் 2,285-ஐ எட்டினதும் முழு எடையும் கிடைச்சாச்சு, எடைப் பக்கம் பூஜ்யம். உராய்வு 640. நேர்கோடு அங்கே 811 சொல்லும். அதைப் பிடிச்சா பாறைக்கு 171 பிஎஸ்ஐ அதிகம். 640, எஃப்சிபியை விடவே குறைவு. கிடைமட்டப் பகுதியில அது மெல்ல ஏறி 670-க்கு வரும். முதல்முறை பார்க்கறவங்களுக்குக் கேஜ் தப்போன்னு தோணும்.

#22 கீழக்கரை_டிரெய்னி

பெரிய நன்றி அண்ணே எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு: 1.28 மட் ஷேக்கருக்கு வந்தாச்சு. செத்துச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

#23 டூல்புஷர்_ராம்நாடு

வெளியே வரும் மட்டைத் தராசில் பாருங்கள். காஸ் கலந்திருந்தால் சாதாரணத் தராசு குறைத்துக் காட்டும், பிரஷர் தராசு வேண்டும். உள்ளே போவதும் வெளியே வருவதும் 1.28 ஆனதும் பம்பை நிறுத்தி அடையுங்கள். இரண்டு கேஜும் பூஜ்யம் காட்ட வேண்டும். டிரில் பைப் பூஜ்யம், கேசிங்கில் மட்டும் ஏதோ நின்றால் ஆனுலஸில் காஸ் மிச்சம், இன்னும் சுற்றுங்கள். டிரில் பைப்பிலும் நின்றால் கில் மட் போதவில்லை, அல்லது சிக்கின அழுத்தம்.

இரண்டும் பூஜ்யமானால் சோக் வழியாகத் திறந்து ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிஓபிக்கும் சோக் லைன் வாய்க்கும் இடையில் சிறிது காஸ் சிக்கியிருக்கும். மூடிய ராமை (பிஓபியின் அடைப்பு) திறக்கும்போது அது ரோட்டரிக்கு வரும். முதலில் கில் லைன் வழியாக மட் விட்டு அந்த இடத்தைக் கழுவுங்கள், ஃப்ளோரில் தேவையில்லாத ஆட்களை விலக்குங்கள். திறந்ததும் ஃப்ளோ செக். பிறகு ஒரு முழுச் சுற்று, ட்ரிப் மார்ஜின் 0.02.

அப்படியே எஸ்சிஆரை 1.30 மட்டில், இரண்டு பம்பிலும், சோக் பேனல் கேஜில் படித்துப் புதிய கில் ஷீட் எழுதுங்கள். பழைய 420-ஐ அடித்துவிடுங்கள். மாஸ்ப் இப்போது (1.62 − 1.30) × 1.422 × 1,800 = 819.